பாடபேதமும் படக்குழாயும்: பழைய விடியோ கேம்களின் மறுவருகை

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த பலருக்கு விடியோ கேம் என்பது ‘டிவி கேம்’ என்ற பெயரில்தான் அறிமுகமானது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் உரிமம் பெறாத நகல்கள் அவை. கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் எத்தனை ஆயிரம் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு ஆட்டங்கள்தாம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்த ஏழெட்டில் தவறாமல் இடம்பெற்றது கான்ட்ரா. ஒரு தொலைக்காட்சியின் முன் இருவர் தோளோடு தோள் உரச அமர்ந்து, காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடும் ஆட்டம் அது.

அந்தக் கான்ட்ராவை, கோனாமி நிறுவனம் 2019 ஜூன் மாதத்தில் ஒரு தொகுப்பாக இன்றைய கன்சோல்களுக்கு, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கு, வெளியிட்டபோது நானும் வாங்கினேன். திறந்து பார்த்தால், கான்ட்ரா ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. 1987-இல் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது ஒன்று. 1988-இல் ஜப்பானிய ஃபேமிகாமுக்கு வந்தது இன்னொன்று. அதன் கேசட்டுக்குள் கோனாமி தானே வடிவமைத்த ஒரு சில்லு இருந்ததால், காட்டு மரங்களின் இலைகள் காற்றில் அசைந்தன, பனிப் பகுதியில் பனி பறந்தது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் வரைபடமும் காட்சிகளும் வந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கேசட்டில் அந்தச் சில்லு இல்லை; ஆகவே மரங்கள் அசையவில்லை. ஐரோப்பாவுக்குப் போனபோதோ, வன்முறைக் காட்சிகள் குறித்து ஜெர்மனியில் இருந்த கண்டிப்பை முன்னிட்டு நாயகர்களும் எதிரிகளில் சிலரும் ரோபோக்களாக மாற்றப்பட்டு, ஆட்டத்தின் பெயரும் ப்ரோபோடெக்டர் என்றாகிவிட்டது.

சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். ஒரே செய்யுள் ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் வேறோர் ஏட்டில் வேறு விதமாகவும் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு வடிவமும் ஒரு பாடம். பதிப்பாசிரியர் அவற்றை ஒப்புநோக்கி, எதை ஏற்றார், எதை விட்டார், ஏன் என்று அடிக்குறிப்பில் சொல்லுவார். பழைய விடியோ கேம் ஒன்றைப் புதிய கன்சோலில் மீண்டும் வெளியிடும் வேலையும் அடிப்படையில் பதிப்பு வேலையே என்பது என் கருத்து. இத்துறையில் வெற்றி பெற்ற வெளியீடுகள் நல்ல பதிப்பாசிரியரைப் பெற்றவை. தோற்றவை அச்சகத்தை மட்டும் பெற்றவை.

பழைய ஆட்டம் புதிய பெட்டியில் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் நிரல் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் சில்லுகளுக்காக எழுதப்பட்டது. அந்தச் சில்லுகள் இன்றைய கன்சோலில் இல்லை. எனவே அந்தப் பழைய இயந்திரம்போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதி, அதற்குள் பழைய நிரலை அப்படியே ஓட விடுகிறார்கள். அந்த மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். இது எளிதாகத் தோன்றலாம்; ஆனால் பழைய இயந்திரத்தின் திறமைகளைப் போலச்செய்தால் மட்டும் போதாது, அதன் இயலாமைகளையும் போலச்செய்ய வேண்டும்.

1978-இல் ஜப்பானில் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகள், மொத்தம் 55 எதிரிகள், பக்கவாட்டில் அசைந்து அசைந்து கீழே இறங்குவார்கள். அந்த இயந்திரத்தின் செயலியால் ஒரு நேரத்தில் ஓர் எதிரியைத்தான் நகர்த்த முடிந்தது. எதிரிகள் குறையக் குறைய ஒரு சுற்று விரைவில் முடிந்ததால், மிச்சமிருந்தவர்களின் வேகம் தானாகவே ஏறியது. அந்தக் குறையை நிஷிகாடோ திருத்தாமல் விட்டுவிட்டார். கடைசி எதிரி திரையின் குறுக்கே பாய்ந்தோடும்போது நம் நெஞ்சு படபடப்பது அதனால்தான். இன்றைய செயலிக்கு 55 உருவங்களை நகர்த்துவது ஒரு வேலையே அல்ல; ஆனால் அப்படி நகர்த்தினால் அது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆகாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சறுக்கலையும் சொல்ல வேண்டும். பழைய தொலைக்காட்சிகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60 முறையும், ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் நொடிக்கு 50 முறையும் படத்தைப் புதுப்பித்தன. ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஆட்டங்கள் பல, அந்தக் கணக்குக்கு ஏற்பச் சரியாகத் திருத்தப்படாமல், ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. 2018 டிசம்பரில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு பெட்டியை 20 ஆட்டங்களுடன் வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்பது ஆட்டங்களுக்கு இந்த 50 முறை ஐரோப்பியப் பிரதியே எடுக்கப்பட்டிருந்தது. டெக்கன் 3 போன்ற சண்டை ஆட்டத்தில் கைக்குப் பழகிய தாளம் தப்பிவிட்டது என்று ஆடியவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். சில வாரங்களிலேயே கடைகளில் அந்தப் பெட்டியின் விலை சரிந்தது. நல்ல பாடம் கையில் இருக்க, பிழையான பாடத்தை அச்சிட்டதைத்தான் நான் அச்சகம் மட்டும் இருந்த நிலை என்றேன்.

அடுத்து வருவது திரை. பின்புறம் பருத்த பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் புள்ளிகள் கூர்மையாகத் தெரிவதில்லை. பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று சற்றுக் கலந்துவிடும். அக்கால ஓவியர்கள் அந்தக் கலங்கலைத் தூரிகையாகப் பயன்படுத்தினார்கள். சேகா நிறுவனத்தின் சோனிக் ஆட்டத்தில் வரும் அருவி, உண்மையில் ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்திய செங்குத்துக் கோடுகள்தாம். பழைய தொலைக்காட்சியில் அவை கலந்து, பின்னால் இருப்பது தெரியும் மெல்லிய நீர்த்திரையாக மாறின. இன்றைய தட்டைத் திரையில் அவை வெறும் கம்பி வேலி. இதனால்தான் நல்ல மறுவெளியீடுகளில் பழைய திரையின் கலங்கலைப் போலச்செய்யும் வசதி வைக்கப்படுகிறது. தெளிவாகத் தெரிவது எப்போதும் சரியாகத் தெரிவதாகாது.

டிவி கேமோடு வந்த துப்பாக்கி நினைவிருக்கிறதா? பறக்கும் வாத்துகளைச் சுடும் டக் ஹண்ட் ஆட்டத்தில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இந்தக் கணக்கு முழுவதும் படக்குழாயின் உடனடித்தன்மையை நம்பியிருந்தது. தட்டைத் திரைகள் படத்தைக் காட்டச் சற்றே தாமதிப்பதால், பழைய துப்பாக்கி அவற்றின்முன் குருடாகிவிடுகிறது. நின்டெண்டோ இந்த ஆட்டத்தை வீ யூ கன்சோலில் மீண்டும் விற்றபோது, துப்பாக்கியின் இடத்தில், திரையை நோக்கிச் சுட்டும் வீ ரிமோட் என்ற கைக்கருவியை வைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் ஆட்டத்தின் நிரல் கையில் இருந்தால் செய்யக்கூடியவை. ஏடே இல்லாவிட்டால்? ஆட்டத்தை இயக்கும் நிரல் கேசட்டிலோ வட்டிலோ கிடைத்தாலும், அதை மாற்றி எழுத வேண்டுமானால் எழுதியவர்களின் மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், வேண்டும். வேலை முடிந்ததும் அதைப் பேணி வைக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் இருந்ததில்லை. கிங்டம் ஹார்ட்ஸ் ஆட்டத்தின் மூல நிரல் தொலைந்துபோனதால், உயர்தரப் பதிப்புக்காகப் பெரும்பகுதியை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. சைலண்ட் ஹில் என்னும் திகில் ஆட்ட வரிசையின் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்கள் 2012-இல் மறுபதிப்பானபோது, அந்த வேலையைச் செய்த குழுவுக்குக் கிடைத்தது முற்றுப்பெறாத நிரல். முன்பே ஒருமுறை திருத்தப்பட்டிருந்த பிழைகளை அவர்கள் மீண்டும் ஒருமுறை திருத்த வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தின் ஊர் முழுவதையும் மூடியிருக்கும் மூடுபனி, தொலைவில் உள்ளதை வரைய இயலாத கன்சோலின் குறையை மறைக்கவும் பயன்பட்டது. அச்சத்துக்கும் அதுவே ஊற்று. மறுபதிப்பில் அந்தப் பனி கெட்டது, அச்சமும் கூடவே கெட்டது. 2021-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ முத்தொகுப்பிலும் இதே கதை நடந்தது. பனியை விலக்கியதும், பரந்து விரிந்ததாக நாம் நம்பியிருந்த, ஆட்டத்துக்குள் வரும் மாநிலம் ஒரு மேசைமேல் வைத்த மாதிரிபோலச் சிறுத்துத் தெரிந்தது. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பழைய ஒளியமைப்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2024 நவம்பரில் வந்தது.

நிரலும் இருந்து, திறமையானவர்களும் இருந்து, உரிமம் இல்லாததால் நின்றுபோனவையும் உண்டு. கிரேஸி டாக்சி என்ற ஆட்டத்தின் உயிரே அதில் ஒலித்த தி ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் ஆகிய குழுக்களின் பாடல்கள்தாம். 2010-இல் அது திரும்பி வந்தபோது பாடல்கள் வேறு. பயணிகளை இறக்கிவிட்ட பீட்சா ஹட், கேஎஃப்சி கடைகளும் ஊரில் இல்லை. கோல்டன்ஐ 007 ஆட்டத்தின் வழக்கு இன்னும் சிக்கலானது. 1997-இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்காக அதை உருவாக்கிய ரேர் நிறுவனத்தை 2002-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. ஜேம்ஸ் பாண்ட் உரிமையோ திரைப்படத் தயாரிப்பாளர்களிடம். ஒருவர் இசைந்தால் மற்றவர் இசையவில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காகப் பெரும்பாலும் முடிந்திருந்த ஒரு மறுபதிப்பு 2007 வாக்கில் கைவிடப்பட்டது. கடைசியில் 2023 ஜனவரியில் இரண்டு நிறுவனங்களின் கன்சோல்களிலும் ஒரே நாளில் ஆட்டம் வந்தது. ஆனால் இணையவழி இணைந்து ஆடும் வசதி நின்டெண்டோவிடம் மட்டும், கூர்மையான படம் எக்ஸ்பாக்ஸிடம் மட்டும். சொத்துத் தகராறில் முற்றத்தின் நடுவே கோடு கிழித்த வீடுபோல.

இனிச் சொல்லப்போவது வாங்குபவர் தரப்பிலிருந்து. சூப்பர் மாரியோ பிரதர்ஸை நின்டெண்டோ 1985 முதல் எத்தனையோ கருவிகளில் விற்றிருக்கிறது. வீ கன்சோலின் இணையக் கடையில் பழைய ஆட்டங்களை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கடை 2019 ஜனவரி 30-ஆம் நாள் மூடப்பட்டது. அடுத்து வந்த வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இப்போது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் அதே ஆட்டங்களுக்குச் சந்தா. சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். மாரியோவின் மூன்று பழைய ஆட்டங்களைக் கொண்ட ஒரு தொகுப்பை 2020 செப்டம்பரில் வெளியிட்டு, 2021 மார்ச் 31-உடன் விற்பனையை நிறுத்தியும் விட்டார்கள். தட்டுப்பாட்டைத் திட்டமிட்டே உண்டாக்கியது என்னைப் பொறுத்தவரை வாசகர்மேல் மதிப்பில்லாத பதிப்பாளரின் செயல்.

மறுவெளியீடுகள் இவ்வளவு வருகின்றனவே என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு அப்போது எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று கணக்கிட்டது. விற்று லாபம் வராது என்று நிறுவனங்கள் கைவிட்டவற்றை ஆய்வாளர்கள் நூலகம் வழியாகத் தம் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வேண்டும் என்ற விண்ணப்பத்தை, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. மறுவெளியீட்டுச் சந்தை பாதிக்கப்படும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். சந்தைக்கே வராத ஏட்டைப் பூட்டி வைத்துவிட்டுச் சந்தையைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நல்ல பதிப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று கேட்டால், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கராடேகா ஆட்டத்தின் பதிப்பைக் காட்டுவேன். ஜோர்டன் மெக்னர் என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது உருவாக்கிய ஆட்டம் அது, 1984-இல் வெளியானது. உண்மையான மனித அசைவுகளைப் படமெடுத்து, சட்டகம் சட்டகமாக வரைந்து உருவாக்கிய நடை அதில் இருந்தது. இசையமைத்தவர் அவருடைய தந்தை. புதிய பதிப்பில் ஆட்டத்தோடு, அதன் முற்றுப்பெறாத முன்வரைவுகளை ஆடிப் பார்க்கலாம். பதிப்பாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்தைப் படிக்கலாம். தந்தையும் மகனும் பேசுவதைக் கேட்கலாம். ஒரு சிறிய ஆட்டத்துக்கு இவ்வளவு அடிக்குறிப்பா என்று கேட்பவர்கள், கரடுமுரடான முதல் வரைவை அரை மணி ஆடிப் பார்த்தபின் மறுபடி கேட்கட்டும்.

வானொலிக்கு ஏற்ற ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கோனாமியின் காசில்வேனியா வரிசையில் மூன்றாம் ஆட்டம் 1989 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது, அதன் கேசட்டில் இருந்த சில்லு, ஃபேமிகாமின் ஐந்து ஒலித்தடங்களோடு மேலும் மூன்றைச் சேர்த்தது. ஜப்பானுக்கு வெளியே விற்ற கருவியில் கேசட்டின் ஒலி உள்ளே நுழைய வழி இல்லாததால், அதே இசையை அந்த மூன்று தடங்கள் இல்லாமல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. 2019-இல் வந்த காசில்வேனியா தொகுப்பில் முதலில் அந்தக் குறைந்த வடிவம் மட்டுமே இருந்தது. அடுத்த மாதமே விலையில்லாமல் ஜப்பானியப் பாடத்தையும் சேர்த்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து உங்களுக்கு ஒலிபரப்ப விரும்பினேன். உரிமம் பெறாமல் முடியாது என்றார்கள், சரிதான். அந்தத் தொகுப்பு கையில் உள்ளவர்கள் முதல் கட்டத்தின் இசையை இரண்டு பாடங்களிலும் கேட்டுப் பாருங்கள். ஜப்பானியப் பாடத்தில் மெட்டுக்குக் கீழே கனமாக, வீணையின் மந்திரத் தந்தியை நினைவூட்டும் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும். கடல் தாண்டும்போது கழற்றி வைக்கப்பட்ட தடங்களில் ஒன்று அது.

வணக்கம்.