ரீல் சீட்டில் அடித்த பெயிண்ட் உரியாமல் இருக்க

[மேசை மேல் புதுக் கறுப்பு ரீல் சீட். பக்கத்தில், நீலப் பெயிண்ட் உரிந்த பழையது.]

தூண்டில் நரம்பு சுற்றும் ரீலை ராடில் பிடித்து நிறுத்தும் பாகம்தான் ரீல் சீட். இந்த நீல ரீல் சீட், நான் முதலில் கட்டிய தூண்டில் ராடில் இருந்தது. ஸ்பிரே டப்பாவை வாங்கி அப்படியே அடித்துவிட்டேன். வீட்டில் பளபளவென்று இருந்தது. தென்பெண்ணைக் கரையில் ரீலை மாட்டி நட்டை இறுக்கினேன். மரவள்ளிக் கிழங்கின் தோல் மாதிரி பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

பெயிண்ட் மேல் தப்பில்லை. கிராஃபைட் ரீல் சீட் என்று விற்பது பெரும்பாலும் நார் கலந்த நைலான் வகைப் பிளாஸ்டிக். அதன் வழவழப்பில் பெயிண்ட் பிடிக்க இடமில்லை. அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசையும் மேலே இருக்கலாம்.

[குழாயடியில் ரீல் சீட்.]

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். நைலான் ஈரத்தை உள்ளே இழுக்கும், அதனால் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேயுங்கள், கடைசியில் 600. பளபளப்பு முழுசாகப் போய், சிலேட்டுப் பலகை மாதிரி மங்கலாக வேண்டும். தேய்த்த தூளைக் கழுவும்போது கவனியுங்கள்: தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி. காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த பாகமாக இருந்தால் இளகிவிடும். இதற்கு மேல் வெறும் விரல் படக்கூடாது.

[மாஸ்கிங் டேப் சுற்றும் கைகள், மிக அருகில்.]

மரை, ரீலின் கால் நுழையும் குழி, உள்துளை மூன்றையும் டேப்பால் மூடுங்கள். மரையில் பெயிண்ட் ஏறினால் நட்டு சிக்கும். இறுக்கி இறுக்கிச் சுரண்டும். என் நீல ரீல் சீட் உரிய ஆரம்பித்ததே இந்த மரையில்தான்.

ஓசூர், கிருஷ்ணகிரி பெயிண்ட் கடைகளில், கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேளுங்கள். மெல்லிசாக ஒரு கோட் போதும். எவ்வளவு நேரத்துக்குள் கலர் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதை மீறாதீர்கள்.

கலரை ஒரு சாண் தள்ளி நின்று, மெல்லிய கோட்டாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மத்தியானம் அடித்தால், துளி வந்து சேர்வதற்குள் காய்ந்து, மேற்பரப்பு மணல் மாதிரி சொரசொரக்கும். காலை வேளைதான் நல்லது. மழை நாளில் வேண்டாம், பால் பூத்த மாதிரி வெளுக்கலாம். மேலே ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்தால் நன்றாக உழைக்கும். ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் போதாது. ஆவி வடிகட்டும் மாஸ்க் இல்லையென்றால் டிங்கரிங் கடையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.

[தேய்ந்த பழைய நட்டு, பிளேடு, செலோடேப்.]

இதே முறையில் ஒரு பழைய நட்டையும் கூடவே அடித்து வையுங்கள். நன்றாக இறுகியதும் அதில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கலர் வராவிட்டால் ரீல் சீட்டை ராடில் ஏற்றலாம். ராடில் ஒட்ட எபாக்ஸி பசை பூசும் முன் உள்துளையில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.