வந்தாலும் வேண்டும், வராவிட்டாலும் வேண்டும்

(காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நூலக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, பின் வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

'நிச்சயமின்மையை ஏற்றுக்கொள்ளுதல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வரவும் செலவும் காசு பிசகாமல் நேராக வேண்டும் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளைப் படுத்தியெடுத்த கணக்குப்பதிவியல் ஆசிரியை ஒருத்தியிடம் இதைக் கொடுத்ததில் விழாக் குழுவினரின் குறும்பு தெரிகிறது. அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். ஆனாலும் இந்தப் பொருளைப் பேசச் செட்டிநாட்டைவிடத் தோதான மண் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொள்வோம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், மாவில் பிடித்த பிள்ளையாரில் இருபத்தோர் இழை நூல்திரியை ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். கடல் வணிகத்துக்குப் போன நம் முன்னோர் புயலில் சிக்கித் திசை தெரியாமல் அலைந்தபோது, நாள் கணக்குத் தவறாதிருக்கக் கட்டியிருந்த வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக உருவி வைத்தார்கள் என்றும், அதுவே இழையாயிற்று என்றும் என் அப்பத்தா கதை சொல்வார். சிறுமியாக இருந்தபோது அந்தச் சுடர் நாக்கைச் சுடுமா என்பதுதான் எனக்குக் கவலை. இப்போது வேறொன்று தோன்றுகிறது. இருபத்தொன்று என்று நமக்குத் தெரியும்; முதல் நூலை உருவியவருக்குத் தெரியாது. மூன்றாம் நாளே கரை தெரியலாம், வேட்டி முழுவதையும் உருவித் தீர்த்தாலும் தெரியாமல் போகலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு ஒரு நூல் உருவ வேண்டும் என்பதுதான்.

நம் வீடுகளின் தரைமட்டம் தெருவைவிட இத்தனை உயரமாக இருப்பதே நம் முன்னோர் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவால்தான் என்பார்கள். மெய்யோ பொய்யோ, மழைக்கு ஏங்கும் ஊரில் வெள்ளத்துக்கு அஞ்சி வீடு கட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் நாமாகத்தான் இருப்போம்.

பர்மாவுக்கு வருகிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அருகாயிற்று. காட்டைத் திருத்தி வயலாக்கிய உழவருக்கு முன்பணம் வேண்டியிருந்தது. அதை நம்மவரான செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்தார்கள். மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிக்கொண்டு கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன மேலாளும் (கடையை நடத்தும் முகவர்), அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளும், பெட்டியடிப் பையனுமாக எத்தனை இளைஞர்கள் கப்பலேறினார்கள் என்பதை இங்கே பல வீட்டுப் பட்டாசாலைகளில் தொங்கும் படங்களே சொல்லும். போனவன் பிள்ளை பிறந்த செய்தியைக் கடிதத்தில் படிப்பான். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை அவனைக் கண்டு அழும்.

பொருளியலில் பிராங்க் நைட் என்னும் அமெரிக்கர் 1921இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்: அளந்து விலை வைக்கக்கூடிய இடர் ஒன்று, அளக்கவே வழியில்லாத நிச்சயமின்மை மற்றொன்று. வட்டி என்பது முதலாவதற்கான விலை. கடன் வாங்கியவரின் நாணயம், நிலத்தின் தரம், அந்த ஆண்டு மழை என்று எல்லாவற்றையும் எடைபோட்டு நம்மவர் வட்டி வைத்தார்கள்; அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாவதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. 1930இல் அரிசி விலை சரிந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகத் திரும்பியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி விளைநிலம் செட்டியார்களின் பெயரில் இருந்தது. லேவாதேவிக்காரர் நிலத்தை விரும்பியவர் அல்லர், அது அவர் தலையில் விழுந்தது; நிலத்தை இழந்த பர்மிய உழவரின் வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், பணம் போனாலும் மண் எங்கே ஓடிப்போகும் என்று ஊரில் பலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்களாம். மண் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. போர் முடிந்து, 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. எதை உறுதி என்று நினைத்தார்களோ அதுவே முதலில் கைவிட்டது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், அப்போது பர்மாவின் பெகு நகரில் மேலாளாக இருந்தார். மார்கழியோடு கடிதம் நின்றது. அப்பத்தாவுக்கு இருபத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். உறவில் பாதிப் பேர், கட்டாயம் வந்துவிடுவார், கவலைப்படாதே என்றார்கள். மீதிப் பேர் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்றார்கள். இரண்டு தரப்பாருமே அவரை ஏதாவது ஒரு முடிவை நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் தலையெழுத்து என்று கையைக் கட்டி உட்கார்வதும் இந்த வகைதான். கெட்டது நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் காத்திருக்கும் வேதனை மிச்சம், அவ்வளவே.

அப்பத்தா இரண்டையும் கேட்டுக்கொண்டார், இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக் குடத்தை விற்று, கன்றும் தாயுமாக ஒரு பசு வாங்கினார். "இந்த நேரத்துல மாடு எதுக்கு ஆச்சி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். "அவுக வந்தாலும் பால் வேணும். வராட்டியும் பிள்ளைகளுக்குப் பால் வேணும்ல" என்று சொல்லிவிட்டுத் தீவனம் வைக்கப் போய்விட்டாராம். முடிவு எடுத்தலைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த பாடங்கள் பலவற்றில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை. இரண்டில் எது நடந்தாலும் வீணாகாத காரியம் எது என்று தேடி அதைச் செய்திருக்கிறார். அழவில்லையா என்றால், அழுதிருக்கிறார். மாட்டுக் கொட்டிலில் அழுவார் என்று என் அப்பச்சி, அதாவது என் அப்பா, சொல்லியிருக்கிறார்.

ஐயா வந்தார். பர்மா எல்லையிலுள்ள தாமு வழியாக மணிப்பூர் மலைகளை நடந்தே கடந்து, கல்கத்தாவில் ரயிலேறி, ஆனி மாதம் ஒரு பகலில் வீங்கிய கால்களோடு முகப்பில் வந்து உட்கார்ந்தார். முதலில் அவர் கேட்டது, "இது யார் மாடு?" என்பதுதானாம். அதே வழியில் நடந்தவர்களில் வராதவர்களும் பலர். அவர்கள் வீட்டிலும் பசு இருந்திருக்கலாம். ஐயா வந்தது பசு வாங்கியதால் அல்ல.

என் கதையையும் சொல்லி முடிக்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் புரட்டாசியில் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மதுரையில் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். "எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள் டாக்டர்" என்று கேட்டேன். "முடிவு வரட்டும்மா" என்றார் அந்தப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று இரவுகள் கைப்பேசியில் தேடித் தேடி எனக்கு நானே சதவீதம் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையில் பசு நினைவுக்கு வந்தது. எழுந்து போய் ஓடு மாற்ற ஆள் வரச் சொன்னேன். பழைய வளவு வீடு; நாட்டு ஓடு பல இடங்களில் உடைந்து ரீப்பர் உளுத்திருந்தது; ஐப்பசி மழை வருவதற்குள் பிரித்து வேய வேண்டும். நான் இருந்தாலும் வீடு ஒழுகக் கூடாது, இல்லாவிட்டாலும் ஒழுகக் கூடாது. ஐந்து நாளும் கீழே நின்று நல்ல ஓட்டையும் உடைந்த ஓட்டையும் தட்டித் தட்டிப் பார்த்துப் பிரித்துப் போட்டேன். நல்ல ஓடு கணீரென்று பேசும், கீறல் விட்டது மொட்டென்று சொல்லும். பயம் போய்விடவில்லை, ஆனால் தட்டுகிற நேரத்தில் காது ஓட்டின் மேல் இருந்தது.

முடிவாவது தெளிவாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அடுத்த முறை வரும் தை மாதம். கூரை நன்றாக இருக்கிறது; கிணற்றடிப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் இன்னும் சொட்டுகிறது, அடியில் ஓர் அண்டாவை வைத்து வெள்ளைத் துணி கட்டியிருக்கிறேன். ஓட்டுக்காரர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா என்று தெரியாது.

நன்றி, வணக்கம்.