உங்கள் கையில் இருப்பது ‘ஜிபிஎஸ்’ இல்லை!

(திரையில்: ஆண்ட்ராய்டு போன், ‘ஜிபிஎஸ்டெஸ்ட்’ செயலி)

மொட்டை மாடியில் நின்று, போனுக்கு எந்தெந்த நாட்டுச் செயற்கைக்கோள் கேட்கிறது என்று காட்டும் இந்தச் செயலியைத் திறந்திருக்கிறேன். வரிசையாகக் கொடிகள் வருகின்றன, பாருங்கள். அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், அப்புறம்... சீனா! பக்கத்தில் பெட்ரோல் பங்க் எங்கே என்று நீங்கள் தேடும்போது, சீனச் செயற்கைக்கோளும் சேர்ந்துதான் இடம் சொல்கிறது. நாம் பாட்டுக்கு மொத்தத்தையும் ‘ஜிபிஎஸ்’ என்கிறோம்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களை வைத்து இடம் காட்டும் அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 1978. கையடக்கக் கருவியை மெகல்லன் நிறுவனம் 1989-இல் கடைக்குக் கொண்டுவந்தது, விலை ஏறக்குறைய 3,000 டாலர். ரஷ்யாவுக்கு க்ளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ, நமக்கு நாவிக். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஜிஎன்எஸ்எஸ். கையில் இருப்பது அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர். முடிந்தது!

‘ஜெராக்ஸ் மாதிரிதானே, பெயரில் என்ன இருக்கிறது’ என்று கமெண்ட் போடக் கை துறுதுறுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எந்த மெஷினில் எடுத்தாலும் நகல் நகல்தான். இங்கே நாட்டுக்கு நாடு கடிகாரமே வேறு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமும் அதுதான்.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஓயாமல் இரண்டு சேதி சொல்லிக்கொண்டிருக்கிறது: நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நேர் உச்சியில் இருந்தால்கூட அது சொன்னது உங்களை வந்துசேர 0.067 வினாடி ஆகும். இந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் தெரிந்துவிடும். மூன்று தூரம் கிடைத்தால் இடம் கிடைக்க வேண்டும், இல்லையா?

கிடைக்காது. மேலே இருப்பது மிகத் துல்லியமான அணுக் கடிகாரம். உங்கள் போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலே 300 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அதனால்தான் நான்காவது செயற்கைக்கோள் வேண்டும். அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், அப்புறம் ‘என் கடிகாரம் எவ்வளவு தப்பு’ என்பது. தெரியாதவை நான்கு, சமன்பாடுகளும் நான்கு. இடம் கேட்கப் போனவருக்குத் துல்லியமான மணியும் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் சமன்பாடு எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான்!

இன்னும் இருக்கிறது. ஜிபிஎஸ் கடிகாரம் 1980 ஜனவரி 6-இல் எண்ணத் தொடங்கியது. உலக நேரத்தில் இடையிடையே சேர்க்கும் லீப் வினாடிகளை அது கண்டுகொள்வதில்லை. அதனால் இப்போது 18 வினாடி முன்னால் ஓடுகிறது. க்ளோனாஸோ லீப் வினாடியைச் சேர்த்துக்கொண்டு, மாஸ்கோ நேரத்தில் நடக்கிறது. ஆளுக்கொரு மணி சொல்லும் இவர்களையெல்லாம் ஒத்துப்போக வைத்து, ஒரே நீலப் புள்ளியாக்கித் தருகிறது உங்கள் போனில் உள்ள குட்டி சிப். அதற்கு ஒரு லைக் போடுங்கள், எனக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

கடிகாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நாவிக் வரிசையில் 2013-இல் ஏவிய முதல் செயற்கைக்கோளில் மூன்று அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. மாற்றாக 2017-இல் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. 2018-இல் அனுப்பியதுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. 2023-இல் ஏவிய என்விஎஸ்-01 உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரத்தோடு போனது.

சரி, என்னதான் பெயர் வைப்பது? பிரிட்டனில் ‘சாட்நாவ்’, ஜெர்மனியில் ‘நாவி’. எந்த நாட்டு அமைப்பையும் இழுக்காத பெயர்கள். நாம் டீக்கடையில் ஜிபிஎஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம், யாரும் கோவிக்க மாட்டார்கள். ஆனால் வாங்கும்போது மட்டும் ‘ரிசீவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிசீவர் கேட்க மட்டும்தான் செய்யும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று செயற்கைக்கோளுக்கே தெரியாது! காட்டிலோ கடலிலோ சிக்கினால் அது உங்களுக்கு இடம் காட்டும், வேறு யாருக்கும் சொல்லாது. வண்டியில் மாட்டும் ட்ராக்கர் சொல்கிறதே என்றால், அதில் சிம் கார்டு இருக்கிறது.

(திரையில்: ஒரே அளவில் இரண்டு கையடக்கக் கருவிகள்)

இந்த இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, பேச்சிலும் இரண்டுமே ‘ஜிபிஎஸ்’. இடது பக்கத்தில் இருப்பது வெறும் ரிசீவர். வலது பக்கத்தில் இருப்பது செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும். இந்தியாவில் அதை வைத்திருக்க அனுமதி வேண்டும். அது தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் அது கேட்கும் கருவியா, பேசும் கருவியா என்று பார்த்துவிடுங்கள்.