புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்துக்கு நிறமண்டலம் இருப்பது எப்படித் தெரியும்?

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் சூரியனின் குரோமோஸ்பியர், அதாவது நிறமண்டலம் பற்றிப் பேசியிருந்தேன். முழுச் சூரிய கிரகணத்தில் நிலா சூரியனை மறைத்த உடனே விளிம்பில் சில நொடிகள் சிவப்பாகத் தெரிகிறதே, அந்த அடுக்கு. அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மற்ற நட்சத்திரங்கள் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிதானே? அவற்றுக்கும் நிறமண்டலம் உண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஊகமா?"

ஊகம் இல்லை. புள்ளியாக இருந்தாலும் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கலாம் அல்லவா? அப்படிப் பிரித்தால் நிறமாலையில் இடையிடையே கருங்கோடுகள் தெரியும். நமக்கு வேண்டியது ஊதா ஓரத்தில், 393.4 நானோமீட்டரில் இருக்கும் ஒரு கோடு. ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியத்தால் வருவது. கே கோடு என்பார்கள். பக்கத்திலேயே 396.8-இல் எச் கோடு, அதுவும் இதே கதைதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எனக்கே இது பிடிபட நாளானது. மூடுபனியில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி அடர்த்தியாக இருந்தால் பக்கத்தில் இருப்பது மட்டும் தெரியும். லேசாக இருந்தால் தூரத்து மரமும் தெரியும். கால்சியம் வாயுவும் அப்படித்தான். கே கோட்டின் ஓரத்து நிறத்தில் அது ஒளியை அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால் ஆழத்தில் உள்ள ஒளிமண்டலம், அதாவது மேற்பரப்பு என்று நாம் பார்க்கும் அடுக்கு வரை பார்வை போகும். கோட்டின் நடுவில் நன்றாக மறைக்கும். மேல் அடுக்கிலேயே பார்வை நின்றுவிடும். ஆக, கோட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்தால் நட்சத்திரத்தின் வளிமண்டலத்தில் ஏணி வைத்து ஏறுகிறோம் என்று அர்த்தம்.

ஏறும்போது என்ன தெரிகிறது? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் அது 4,000 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த வாயு மங்கலாக ஒளிரும், அதனால் கோடும் கறுத்துக்கொண்டே வருகிறது. வெப்பநிலை இப்படியே இறங்கிக்கொண்டே போனால் நடுப்பகுதி இன்னும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நடுவை நெருங்கும்போது கோடு திரும்பவும் வெளுக்கிறது! கருங்கோட்டுக்குள் ஒரு ஒளிக்கீற்று. மேலே போனதும் வெப்பநிலை மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்படி ஏறும் அடுக்குதான் நிறமண்டலம். (சரியாக நட்ட நடுவில் இன்னொரு முறை கொஞ்சம் மங்கும். அங்கே வாயு மிக மெலிந்துபோவதால் வருவது, இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.)

ஏன் மறுபடி சூடாகிறது? அடியில் கொதித்துப் புரளும் வாயு கிளப்பும் அலைகளும், காந்தப்புலமும் ஆற்றலை மேலே கொண்டுபோகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. மேற்பரப்புக்கு அடியில் அந்தக் கொதிப்பு பெரிதாக இல்லாத சிரியஸ் போன்ற சூடான நட்சத்திரங்களில் இந்தக் கீற்றையும் காணோம் என்பதைக் கவனியுங்கள்.

மற்ற நட்சத்திரங்களில் இந்தக் கீற்றைப் பற்றி 1913-லேயே எபர்ஹார்ட், கார்ல் ஷ்வார்ஷில்ட் இருவரும் எழுதிவிட்டார்கள். ஆமாம், கருந்துளைக் கணக்கில் வருகிற அதே ஷ்வார்ஷில்ட்தான். சுவாதி, ரோகிணி நட்சத்திரங்களில் அதைப் பார்த்தவர்கள், கூடவே ஒரு கேள்வியையும் போட்டுவைத்தார்கள்: சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவது போல இந்தக் கீற்றும் ஏறி இறங்குமா? சூரியனில் அந்தப் புள்ளிகளைச் சுற்றி, காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள் கே கோட்டில் பளிச்சென்று தெரியும், அதனால் நியாயமான கேள்விதான். ஆனால் விடை தேட ஆள் வேண்டுமே! ஒலின் வில்சன் 1966-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் உட்கார்ந்து 91 நட்சத்திரங்களை விடாமல் அளக்கத் தொடங்கினார். முடிவை வெளியிட்டது 1978-இல். பல நட்சத்திரங்களில் சூரியனைப் போலவே கீற்று ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முடிவு தெரியாமல் அளந்துகொண்டே இருக்க இப்போது யாருக்குப் பொறுமை இருக்கும், சொல்லுங்கள்.

அதே வில்சனும் நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்புவும் 1957-இல் கண்டது இன்னும் விசித்திரம். கீற்று எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதன் அகலத்தை அளந்தார்கள். நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் கூடக் கூட அகலமும் கூடுகிறது. உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டு தூரத்தையே கணக்கிட்டுவிடலாம். வில்சன்–பாப்பு விளைவு என்று இதைத்தான் சொல்கிறோம்.

அப்புறம் சுழற்சி வேகம். பளிச்சென்ற திட்டுகள் நட்சத்திரத்தோடு சேர்ந்து சுற்றி முன்னும் பின்னும் போய்வரும்போது கீற்றும் ஏறி இறங்கும். அதிலிருந்து ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணிவிடலாம். வயதாக ஆக நட்சத்திரத்தின் சுழற்சி மெதுவாகிறது, கீற்றும் மங்குகிறது. இதை 1972-இல் ஸ்குமானிச் காட்டினார். அதனால் வயதைத் தோராயமாகச் சொல்லவும் கே கோடு உதவுகிறது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். எல்லா நட்சத்திரமும் புள்ளி இல்லை. கேட்டை, அதாவது அந்தாரெஸ், குறுக்களவில் சூரியனைப் போல ஏறத்தாழ 700 மடங்கு பெரியது. ஆல்மா, விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கிகளால் அதன் நிறமண்டலத்தையே நேரடியாகப் படம்பிடித்து 2020-இல் வெளியிட்டார்கள். சூரியனில் இந்த அடுக்கு ஆரத்தில் 200-இல் ஒரு பங்குதான். கேட்டையிலோ நட்சத்திரத்தின் ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு தூரம் வரை பரவியிருக்கிறது. வெப்பநிலை? அதிகபட்சமே 3,500 டிகிரிதான். சூரியனின் நிறமண்டலம் 10,000 டிகிரியைத் தாண்டும், அதோடு ஒப்பிட்டால் இது வெதுவெதுப்பு!