பட்டா 5 கிலோ

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்த்துறைப் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய தாளாளர் ஐயா அவர்களே (பொன்னாடைக்குப் பதில் ஒரு தமிழ்99 விசைப்பலகை தந்திருக்கலாமே என்று மேடையில் கேட்டால் ஐயா கோபிக்க மாட்டார்), பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற கணினித்துறைப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'செயலிக்கும் ஃப்ரேம்வொர்க்குக்கும் இடையே செய்திப் பரிமாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஃப்ரேம்வொர்க், அதாவது நாம் தட்டுகிற விசையை எழுத்தாக்கித் தருகிற இடைநிலை மென்பொருள், செயலிக்கு என்ன சொல்கிறது, செயலி திருப்பி என்ன சொல்ல வேண்டும், லினக்ஸ் இயங்குதளத்தில் திரையைக் கவனித்துக்கொண்ட எக்ஸ்11 என்ற பழைய ஏற்பாடு போய் வேலண்ட் என்ற புதியது வந்ததும் இது எப்படி மாறியது. உதாரணம் தமிழ்த் தட்டச்சுதான். எதைப் பேசக் கூப்பிட்டாலும் நான் அங்கேதான் வந்து நிற்பேன் என்று கூப்பிட்டவர்களுக்கே தெரியும்.

லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் செயலி அதை டி-பஸ் என்ற செய்தித் தடம் வழியாக ஐபஸுக்கு அனுப்பி, "இது உனக்கா எனக்கா?" என்று கேட்கிறது. எனக்குத்தான் என்று ஐபஸ் சொன்னால், எழுத்து தனிச் செய்தியாகத் திரும்பி வரும். அதிலும் இரண்டு வகை. இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற எழுத்து ப்ரீஎடிட், அது அடிக்கோட்டோடு தெரியும். முடிந்துபோனது கமிட். ஆண்ட்ராய்டில் செட்கம்போசிங்டெக்ஸ்ட், கமிட்டெக்ஸ்ட் என்று பெயர்கள் வேறு, நடக்கிற பேச்சு ஒன்றுதான்.

ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, தட்டியதுதான் எழுத்து. தமிழ்99-இல் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. புள்ளியை நீங்கள் வைக்கவே வேண்டாம், இரண்டாவது ம வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ஆனால் அப்படி விழ, முன்னால் இருப்பது ம என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சியின் கதையைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலும் இறங்கியதில்லை. மகன் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கிப் போட்டான். அண்ணாச்சிக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுத்தது நான்தான். உட்கார்ந்து சரக்குப் பட்டியல் முழுவதையும் அடித்தார். அச்செடுத்துப் பார்த்தால் கடுகு 'கடு' என்று நிற்கிறது, அரிசி 'அரி', சுக்கு 'சுக்'. பட்டாணி இருந்த இடத்தில் 'பட்டா 5 கிலோ'. அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். பட்டியலைக் கையில் வாங்கிப் படித்தவர், "என்ன அண்ணாச்சி, நான் சர்வீஸில் இருந்தப்ப பட்டாவுக்கு ஜனங்க நடையா நடந்தாங்க, நீங்க கிலோ கணக்குல விக்கிறீங்களே, ஒரு கால் கிலோ போடுங்க" என்றார். கடையே சிரித்தது, அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மென்பொருள்காரரைக் கூப்பிட்டால் எழுத்துருவில் கோளாறு என்றார். எழுத்துருவை மாற்றினார்கள். அப்புறம் விசைப்பலகை சரியில்லை என்றார், அதற்கும் காசு போனது. கடைசியில் அண்ணாச்சியே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. சரியாகிவிட்டது! ஆனால் இப்போது வாலில் இடைவெளியோடு ஒரு பட்டாணி, இடைவெளி இல்லாமல் மகன் வேறெங்கோ எழுதி ஒட்டிய இன்னொரு பட்டாணி என்று கணக்கில் இரண்டாகிவிட்டது.

நடந்தது இதுதான். கடைசி 'ணி' இன்னும் ப்ரீஎடிட்டில் நிற்கிறது. அண்ணாச்சி சேமி பட்டனை அழுத்துகிறார். பெட்டியையும் பட்டனையும் தானே வரைந்துகொண்ட அந்தச் செயலி, நிற்கிற எழுத்தை முடித்துக்கொள்ளாமல் தன் கையில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதிவிட்டது. ஸ்பேஸ் தட்டினால் எழுத்து கமிட் ஆகிவிடும், அதனால் தப்பித்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

செயலி சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு: கர்சருக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது, கர்சர் எப்போது நகர்ந்தது. மவுஸால் வேறு இடத்தில் சொடுக்கியதைச் சொல்லாமல் விட்டால், ஃப்ரேம்வொர்க் பழைய ம-வையே நினைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு புள்ளியைக் கொண்டுபோய் வைக்கும். புள்ளிக்கோட்டு வட்டத்தின் தலையில் ஒற்றைப் புள்ளி, பார்த்திருப்பீர்கள்.

இதையெல்லாம் விற்பதற்கு முன் யாரும் ஏன் பார்க்கவில்லை? சோதிக்கிறவர் ஆங்கிலத்தில் பெயரை அடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறார். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு தமிழ்99. அரசு வாங்கும் எந்த மென்பொருளானாலும், தமிழ்99-இல் ஒரு படிவத்தை நிரப்பி, ஸ்பேஸ் தட்டாமல் சேமித்துக் காட்ட வேண்டும் என்று டெண்டரில் ஒரே ஒரு வரி சேருங்கள் என்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐப் பழக்குங்கள் என்கிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிற பிள்ளையிடம் போய், ஏன் செயலியைத் தமிழில் சோதிக்கவில்லை என்று கேட்க முடியுமா? சட்டி, அகப்பை, அதேதான்.

வேலண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், தலைவர் மணி அடித்துவிட்டார். கணினித்துறைப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள். டெண்டர் வரிக்கான கோரிக்கை மனு வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். முதல்வர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.