கடைசி ரீலில் யாருக்குக் கல்யாணம்?

எல்லாருக்கும் வணக்கம். காதல் நகைச்சுவைப் படங்களில் யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாகேஷிடமிருந்து தொடங்குகிறேன்.

1964-இல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' என்று இரண்டு படங்கள். இரண்டிலும் நாகேஷ், இரண்டிலும் முத்துராமன். முதல் படத்தில் நாகேஷ் சிரிக்க வைக்கிறார். டூயட் ரவிச்சந்திரனுக்கும் முத்துராமனுக்கும். சரி, அது பக்க வேடம். இரண்டாவதில் அவர்தான் நாயகன். ஹோட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகிறான், ஊரே கொண்டாடுகிறது. அவன் ஆசைப்பட்ட பெண் மட்டும் முத்துராமனுக்கு. படம் முழுக்க நாம் சுந்தரம் பக்கம்தான், ஆனாலும் அந்த முடிவு நமக்கு உறுத்துவதில்லை. சிரிக்க ஒரு முகம், மாலை போட இன்னொரு முகம் என்று அப்போதே பழகிவிட்டோம்.

நம்ம மதுரைக்காரர் வடிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை படங்களில் அவருக்குக் காதல் வந்தது? வந்த இடத்தில் எல்லாம் அடி விழுந்தது. 2006-இல் 'இம்சை அரச'னில் நாயகனானார், அதற்கும் ராஜா வேஷம் வேண்டியிருந்தது. அவரால் அழவும் வைக்க முடியும் என்பதை 2023-இல் 'மாமன்னன்' காட்டியது. வெட்கப்பட்டுக் காதலைச் சொல்லும் சாதாரண மனிதனாக ஒரு முழுப்படத்தை அவருக்கு யாரும் எழுதவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆணுக்காவது நிறம் தடையில்லை, விஜயகாந்தே சாட்சி. பெண் என்றால் வெளுப்பாக வேண்டும், பெரும்பாலும் குரலும் இரவல். கறுத்த பெண் வந்தால் அது காமெடி டிராக். 1995-இல் 'சதிலீலாவதி'யில் கோவை சரளாவைக் கமலுக்கு மனைவியாக்கி, கொங்குத் தமிழ் பேசவிட்டார் பாலு மகேந்திரா. ரசிக்கத்தானே செய்தோம்?

அப்புறம் மதுரை. திரையில் நம் ஊருக்கு வந்தால் காதல் அடியிலோ அரிவாளிலோ போய் முடிகிறது. 'காதல்', 'சுப்ரமணியபுரம்' இரண்டும் நல்ல படங்கள், சொன்னதும் பொய்யில்லை. ஆனால் 'ரஜினிமுருக'னில் இதே மதுரையில் காதலர்கள் சிரித்துக்கொண்டே சேர்கிறார்கள். எப்படி? சாதி என்ற பேச்சே அங்கே எழவில்லை. இரண்டு அப்பாக்களின் பிணக்கு தீர்ந்தால் போதும். சாதியைப் பேசினால் சாவு, பேசாவிட்டால் சிரிப்பு என்று நம் சினிமா பங்கு பிரித்து வைத்திருந்தது. 2024-இல் 'லப்பர் பந்து' வந்து அதைக் கலைத்தது. சாதியால் உள்ளூர் கிரிக்கெட் டீமில் சேர்க்கப்படாத பையன்தான் அதில் காதலிக்கிறான், தியேட்டரும் சிரிக்கிறது.

ஹாலிவுட்டைப் பார்த்தும் ரொம்ப ஏங்க வேண்டாம். 2018-இல் 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' வந்தபோது, முக்கிய வேடங்கள் எல்லாம் ஆசியர்களுக்கு என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். கதை நடப்பது சிங்கப்பூரில், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில். நம் நிறத்து மனிதர்கள் அந்தப் படத்தில் எங்கே நிற்கிறார்கள்? மாளிகை வாசலில், காவலுக்கு.

இங்கே இருக்கும் இளைஞர்களில் கதை எழுதுபவர்கள் இருப்பீர்கள். ஒரு கதை சொல்கிறேன், நடந்தது. தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் பதிய மாட்டோம் என்றார்கள். மேலதிகாரியும் கைவிரித்தார். விஷயம் இங்கே ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், திருமணம் செல்லும், பதிந்து கொடுங்கள் என்று தீர்ப்பளித்தார்.

காதல், கோயில் கல்யாணம், முறைக்கும் அலுவலகம், கோர்ட்டு, கடைசியில் சுபம். ஒரு காதல் காமெடிக்கு இதைவிட என்ன வேண்டும்? சிரிப்பை அந்த ஜோடியின் மேல் வைக்காதீர்கள், ஃபைலைப் புரட்டிக்கொண்டு முழிக்கும் அலுவலகத்தின் மேல் வையுங்கள். மணப்பெண்ணாக ஒரு திருநங்கையையே நடிக்க வையுங்கள். 'பேரன்பு' படத்தில் மம்மூட்டியுடன் நடித்த அஞ்சலி அமீரைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. பணம் போட யார் இருக்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மற்ற கேள்விகளைக் கேட்கலாம், மைக் அந்தப் பக்கம் வருகிறது.