சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட் அப்பாதீங்க! கடுக்காய்த் தண்ணி அளவும் சல்லடையும்

வணக்கம் மக்களே. மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்து மேல செங்கல் அடுக்கின பழைய மொட்டை மாடி) ஒழுகல் பத்திப் பேசறதா சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம். இந்த வாரம் எனக்குக் கோவம். ஏழு பேர் ஒரே போட்டோவை அனுப்பின மாதிரி அனுப்பியிருக்கீங்க. செட்டிநாட்டு வீடு, வளவுச் சுவர் (நடு முற்றத்துச் சுவர்), கீழ மூணு அடிக்கு சிமெண்ட் பூச்சு, அது மேல புட்டி, அது மேல எமல்ஷன். இப்ப அப்பளம் மாதிரி பொங்கி நிக்குது. "எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லதுண்ணே?"னு கேள்வி வேற.

பெயிண்டுல ஒண்ணும் இல்லப்பா. அந்தக் காலத்துச் சுவத்துக்கு அடியில ஓதம் தடுக்கற பட்டை கிடையாது. மண்ணு ஈரம் செங்கல் வழியா ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளிய விட்டுடும். நீங்க சிமெண்டால வழியை அடைச்சா ஈரம் எங்க போகும்? நாலாவது அடிக்கு ஏறும். கூடவே வந்த உப்பு உள்ளயே பூத்து செங்கலை மாவாக்கும். அப்புறம் அஞ்சு அடிக்கு சிமெண்ட். இது ஒரு வியாதி.

முதல்ல வெளிய போய்ப் பாருங்க. தெருவை உசத்திப் போட்டிருப்பாங்க, இல்ல சுவத்தை ஒட்டியே டைல்ஸ் பதிச்சிருப்பாங்க, இல்ல தாழ்வாரத் தண்ணி அடியிலயே விழும். அதைச் சரி பண்ணாம பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிடாதீங்க.

அப்புறம் சிமெண்டை உளி வெச்சுக் கொத்தி எடுக்கணும். பிரேக்கர் மெஷின் கூடவே கூடாது, பழைய செங்கலையும் சேத்துப் பேத்துரும். கெட்ட இடத்தைத் தாண்டி ஒரு அடி எடுங்க. செங்கல் இடுக்கை அரை இஞ்ச் சுரண்டி, தேய்ச்சு, முத நாளே சுவத்துல தண்ணி அடிச்சு வைங்க. காஞ்ச செங்கல் கலவைத் தண்ணியை உறிஞ்சிரும், பூச்சு பிடிக்காது.

சுண்ணாம்புக்கு வருவோம். கல் சுண்ணாம்புதான், இல்லேன்னா கிளிஞ்சல். டிரம்முல முதல்ல தண்ணி, அதுக்குள்ள கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். கல்லு மேல தண்ணி ஊத்துனா தெறிக்கும், கொதிக்கற சுண்ணாம்பு அது. கண்ணாடி, கையுறை இல்லாம கிட்டப் போகாதீங்க. தண்ணில வெந்து கூழா நீறினது, தண்ணிக்கு அடியிலயே மூணு வாரமாவது கிடக்கட்டும்.

இப்ப சல்லடை. சிரிக்காதீங்க, பாதிப் பேர் தோக்கறது இங்கதான். நீறாத கல் கடுகளவு உள்ள தங்கிட்டாப் போதும். ரெண்டு மாசம் கழிச்சு ஈரம் பட்டு விரிஞ்சு பூச்சு வட்டமா தெறிச்சு விழும். குழி நடுவுல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அதான் குற்றவாளி. மணல் சலிக்கற சல்லடை பத்தாது. இரும்பு வலைல சலிச்சா துரு இறங்கிப் பழுப்புப் புள்ளி வரும். எனக்குப் பிடிச்சது எவர்சில்வர் கொசுவலை. நாலு சட்டத்துல இழுத்துக் கட்டி, டிரம் வாய் மேல வெச்சு, தேங்காய் நார் பிரஷ்ஷால தேய்ங்க. தயிர் மாதிரி இறங்கும். என்ன ஒரு அழகு! கடைசிப் பூச்சுக்கு மட்டும் அதையே மல் துணில இன்னொரு தடவை.

ஐயோ, கலவைல ஊத்தற கடுக்காய்த் தண்ணியை விட்டுட்டேன். சுண்ணாம்பு ஊறும்போதே இதையும் தனியா ஊறப் போட்டிருக்கணும். நான் போடற கணக்கு: தட்டி ஒடைச்ச கடுக்காய் ஒரு கிலோ, பனைவெல்லம் ஒரு கிலோ, பத்து லிட்டர் தண்ணி, பத்து நாள். புளிச்ச வாடை வந்ததும் வடிகட்டிக்குங்க. கடைப்பொடி வேண்டாம், உள்ள என்ன அரைச்சிருக்கான்னே தெரியாது. கொட்டையை எடுக்கணுமான்னு கேக்கறீங்க. கடுக்காய்க்கு அகநஞ்சுங்கறது மருந்துக்கு, சுவர் அதைத் திங்கப் போறதில்ல. வெல்லத்தை மட்டும் தாராளமா போட்டுராதீங்க, பூச்சு இறுகவே இறுகாது.

முத பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூணு பங்கு மணல். தண்ணிக்குப் பதிலா கடுக்காய்த் தண்ணி, அதுவும் கொஞ்சமா. நல்லா இடிச்சு மிதிச்சா தானா இளகும். ஒரு தடவைக்கு 10, 12 மில்லிமீட்டர்தான். பள்ளம் பெருசுன்னு ஒரே மூச்சுல ஒரு இஞ்ச் ஏத்தினா வெடிச்சிரும். ரெண்டாவது பூச்சுக்கு முன்னாடி ஒரு வாரம் விடுங்க, ஈரச் சாக்கு தொங்க விடுங்க. பச்சையா இருக்கறப்ப மயிரிழை வெடிப்பு வந்தா மணியாசுக் கட்டையால (கொத்தனார் பூச்சு தேய்க்கற மரப்பலகை) அழுத்தித் தேய்ச்சாலே மூடிக்கும். சுண்ணாம்பு காத்துல இருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும், அதுக்கு ஈரமும் வேணும், நாளும் வேணும். அக்கினி நட்சத்திரத்துல ஆரம்பிக்காதீங்க.

கடைசி வெள்ளைப் பூச்சுல கடுக்காய் வேண்டாம், பழுப்படிக்கும். முட்டை வெள்ளைக்கரு சேக்கறது அங்கதான், வழவழ கல்லால மெருகேத்தறப்ப. மூணு அடி ஓதச் சுவத்துக்கு அதெல்லாம் தேவையே இல்ல, வெள்ளையடிச்சா போதும்.

இன்னொரு கூத்து. பூச்சையே உரிச்சுட்டு "லாரி பேக்கர் ஸ்டைல்"னு செங்கலைக் காட்டறது. கேரளாவுல வீடுகள் கட்டின கட்டடக் கலைஞர் பேக்கர் பூசாம விட்டது, அப்படி விடறதுக்குன்னே பாத்துப் பாத்துக் கட்டின சுவத்தை. இது பூச்சுக்குள்ள இருக்கறதுக்குன்னு கட்டின செங்கல், மழை பட்டா கரையும். செட்டிநாட்டு ஊர்கள் 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறியாச்சு. நாம இங்க உளியோட நிக்கறோம்.

மிச்ச சுண்ணாம்பைக் கொட்டிராதீங்க. மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கற மாதிரி மூடி, மூடி மேல தேதி எழுதி வைங்க. அடுத்த வருஷம் இன்னும் நல்லா வரும்.